உங்களுக்குத் தெரியுமா? பள்ளிக்கூடமே வீடு தேடி வரும்!

பாளையங்கோட்டையில் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஆண்டு 1897! நாடு விடுதலை பெற இன்னும் 50 வருஷம் இருந்தது!

தொடங்கியவர் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன். அதே ஊரில் பார்வையற்றோர் பள்ளி அதற்கும் மூத்தது. 1890!

பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெய்லில் இருப்பது 6 புள்ளிகள். அவற்றை வைத்து எத்தனை வடிவங்கள்? 63! தமிழ் 'க', இந்தி 'க', தெலுங்கு 'க' மூன்றுக்கும் ஒரே வடிவம்தான்!

இந்திய சைகை மொழிக்கு அகராதி உண்டு. 2021 பதிப்பில் 10,000 சொற்கள்!

1972, மும்பை. மூளை முடக்குவாதம் உள்ள மகளுக்காக மிது அலூர் ஒரு பள்ளி தொடங்கினார். முதலில் வந்த குழந்தைகள் வெறும் 3 பேர்! இன்று சென்னையில் இருக்கும் வித்யாசாகர், 1985-ல் அந்தப் பள்ளியின் வழியில் பிறந்ததுதான். சரி, அந்த மகள் என்ன ஆனார்? லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்கள்! ஒரே ஒரு சுண்டு விரலால் தட்டித் தட்டி முழுப் புத்தகமே எழுதிவிட்டார் மாலினி சிப்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை!

அமெரிக்காவில் 1975 வரை 10 லட்சத்துக்கும் அதிகமான மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பள்ளிக்குள் சேர்க்கவே இல்லை. அந்த ஆண்டு சட்டம் வந்தது. இப்போது அப்படிப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம். அதை எழுதும் மேசையில் பெற்றோருக்கும் இடம் உண்டு!

நம் சட்டம் மட்டும் லேசா? 1995-ல் 7 வகைக் குறைபாடுகள். 2016-ல் 21! ஆட்டிசம் உண்டு, டிஸ்லெக்சியாவும் உண்டு!

40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா? விருப்பம் உங்களுடையது! பாடப் புத்தகமும் உதவிக் கருவிகளும் இலவசம்!

தேர்வில் 'சொல்வதை எழுதுபவர்' வசதி உண்டு. 3 மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக 1 மணி நேரம்!

படுக்கையை விட்டு எழ முடியாத குழந்தையா? சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள்!

உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாமல் ஒரு குழந்தை இருக்கிறதா? பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ வட்டார வள மையத்திலோ இன்றே சொல்லுங்கள்!