லாரி டிரைவருக்கு சைக்கிளால் காயமா? ‘வி61.0’ சொல்வது என்ன?

லாரியும் சைக்கிளும் மோதினால் அடிபடுவது யார்? பெரும்பாலும் சைக்கிளில் வந்தவர்தான். ஆனா, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்ப் பட்டியலில் லாரி டிரைவருக்கும் தனி எண் இருக்கு: வி61.0. சைக்கிளுடன் மோதி, சாலைக்கு வெளியே காயமடைந்த கனரக வாகன ஓட்டுநர் என்று அர்த்தம். அதுவே பொதுச்சாலையில் நடந்தால் வி61.5. லாரியில் ஏறும்போதோ இறங்கும்போதோ அடிபட்டால் வி61.4!

சிரிப்பு வரலாம். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி கேட்டுக்குள்ளோ, பூந்தமல்லி பக்கத்து குடோன் யார்டிலோ இது நடக்கக்கூடியதுதான். ஷிப்ட் முடிந்து சைக்கிள் குறுக்கே வருகிறது. டிரைவர் சடன் பிரேக் போடுகிறார். ‘உள்ளேதானே ஓட்டுறோம்’ என்று சீட் பெல்ட் போட்டிருக்க மாட்டார். நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடிக்கும். சரியாகக் கட்டாத லோடு பின்னாலிருந்து கேபினைத் தள்ளும்.

“ரோட்ல நடக்கலையே, எப்படி க்ளெய்ம் பண்றது?” என்பதுதான் அடுத்த குழப்பம். மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுமக்கள் நுழைய உரிமையுள்ள எந்த இடமும் ‘பொது இடம்’தான். பூட்டிய யார்டு என்றால் வழக்கு இழுக்கலாம். ஆனால் வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்ட ஊழியருக்கான இழப்பீடு, 1923-ம் ஆண்டு சட்டம் கொண்டுவந்த உரிமை. அதற்கு இடம் ரோடாக இருக்கணும்னு இல்லை. போதையில் ஓட்டியது போன்ற விதிவிலக்குகள் தவிர, தப்பு யார் மேல என்பதும் பெரிய விஷயமில்லை. இஎஸ்ஐ-யில் இருப்பவர் அங்கே கோரலாம்.

ஆகவே ஆஸ்பத்திரியில் ‘கீழே விழுந்தார்’ என்று மட்டும் எழுத விடாதீங்க. எந்த இடம், எந்த வேலை, எப்படி மோதியது என்பதை முதல் நாளே பதியச் சொல்லுங்க.