வல்லமையும் இறைமையும்: 'ஸ்டார் ட்ரெக்' கதைகளின் தேவரும் இரசிகர் ஊகங்களும்

எல்லாம் செய்யவல்ல ஒருவன் அக்காரணம் ஒன்றினாலேயே வணங்கத்தக்கவன் ஆவானோ? இவ்வினா சமய நூல்களுக்கே உரியதென எண்ணுவோர் பலர். ஆயின், அமெரிக்க நாட்டில் 1966ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 8ஆந் திகதி தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடர், தன் வழித்தொடர்கள் பலவற்றின் வாயிலாக இதனை ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக எழுப்பி வந்துள்ளது. அத்தொடரின் இரசிகரோ கண்டதனோடு அமையாது, காணாததையும் கருதலளவையால் நிறுவ முயன்றவர்கள். தொடர் தொடங்கி ஓராண்டு கழிந்த அளவில், 1967இலேயே, 'ஸ்பொக்கனேலியா' என்னும் இதழைத் தாமே வெளியிட்டு ஆராய்ச்சியில் இறங்கிவிட்டனர். அவர்தம் ஊகங்களுள் தேவரையொத்த உயிர்களைப் பற்றியவற்றை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

ஜீன் றொடன்பெரி என்பார் உருவாக்கிய இக்கதைகளில் 'என்டர்பிறைஸ்' என்னும் விண்கலம் அறியப்படாத உலகங்களை நாடிச் செல்கின்றது. மனிதரினும் பன்மடங்கு ஆற்றல் படைத்த உயிர்கள் ஆங்காங்கே எதிர்ப்படுகின்றன. ஆங்கிலத்தில் இவற்றிற்கெல்லாம் ஒரு சொல்லையே வழங்கி இடர்ப்படுகின்றனர். 'தேவர்' என்றும் 'கடவுள்' என்றும் இரு சொற்களை வேறுபடுத்தி வழங்கும் நமக்கு இவ்வுயிர்கள் முன்னதன்பாற் படுவன என்பது எளிதிற் புலனாகும்.

1967 சனவரியில் ஒளிபரப்பான 'த ஸ்குவயர் ஒவ் கொதொஸ்' என்னும் கதையே நமது ஆராய்ச்சிக்கு வித்தாயமைந்தது. அதில் வரும் டிரெலேன் என்பவன் பழைய ஐரோப்பியப் பிரபுவின் கோலத்தில் ஓர் அரண்மனையில் வாழ்கின்றான். பூமியை 900 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து பார்த்தவனாதலின் அவன் அறிந்தது கடந்தகாலப் பூமியே. அவன் மூட்டும் நெருப்பிற் சூடில்லை. அவன் படைக்கும் உணவிற் சுவையில்லை. பொருள்களின் உருவத்தை அறிந்தான், தன்மையை அறிந்தானல்லன். விண்கலத் தலைவர் கேர்க் என்பாரைத் தன் விளையாட்டுப் பொருளாக்கி, நீதிபதியின் உடையும் பொய்ம்மயிரும் அணிந்து விசாரித்து, அவருக்குத் தூக்குத் தண்டனையும் விதிக்கின்றான். முடிவில் அவனுடைய பெற்றோர் ஒளியுருவாகத் தோன்றி, அவனைக் கடிந்து, அழைத்துச் சென்றுவிடுகின்றனர். பேராற்றல் வாய்ந்த அவன் ஒரு குழந்தை! அத்தொடரின் முதற்பருவத்தில் இதனினும் கூரிய சமய விமரிசனம் வேறில்லை என்பது என் கருத்து.

அதே ஆண்டில் வேறிரு கதைகளும் வந்தன. 'எறன்ட் ஒவ் மேர்சி'யில் வரும் ஒர்கேனியர் எளிய கிராமத்தவர் போலக் காட்சியளித்து, இரு பெருவல்லரசுகள் போர் தொடுக்கும் வேளையில் அவற்றின் படைக்கலங்களைத் தொடவியலாதவாறு வெம்மையுறச் செய்து போரை நிறுத்திவிடுகின்றனர். வழிபாட்டை அவர்கள் வேண்டவுமில்லை. மனிதரின் கூட்டுறவை விரும்பவுமில்லை. மற்றைய கதையில் கிரேக்கரின் அப்பொல்லோவே தோன்றி, பழைய வழிபாட்டைத் திரும்பக் கேட்கின்றான். மறுக்கப்படவே, துயருற்றுக் காற்றிற் கலந்துவிடுகின்றான். வணங்குவாரின்றி வாழமாட்டாத தேவனுக்காக அக்கதை இரங்கவும் செய்கின்றது.

இருபது ஆண்டுகள் கழிந்தபின், 1987 செப்டெம்பரில் 'த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்னும் புதிய தொடர் தொடங்கிற்று. அதன் முதற்கதையிலேயே 'கியூ' என்னும் ஒற்றை எழுத்தைப் பெயராகக் கொண்ட ஓருயிர் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்து மனித குலம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றது. ஜோன் டி லான்சி என்னும் நடிகர் ஏற்ற இப்பாத்திரம் குறும்பும் கொடுமையும் நகையும் கலந்தது. டிரெலேனும் நீதிபதிக் கோலம் பூண்டான், கியூவும் அவ்வாறே. அவனும் மனிதரை ஆட்டிவைத்தான். இவனும் அதனையே செய்கின்றான். ஆகவே டிரெலேன் கியூவின் இனத்துக் குழந்தையாதல் வேண்டும் என இரசிகர் பலர் ஊகித்தனர். பீட்டர் டேவிட் 1994இல் எழுதிய 'கியூ-ஸ்குவெயர்ட்' என்னும் நாவல் இவ்வூகத்தையே கதையாக்கிற்று. கிறெக் கொக்ஸ் 1998இல் எழுதிய மூன்று நாவல்கள் இன்னும் ஒருபடி மேற்சென்று, 1989ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் கடவுளென நடித்து விண்கலத்தைக் கைப்பற்ற முயன்ற உயிரையும் கியூவின் பழங்கதையோடு பிணைத்தன. நாவல்களிற் கூறப்படுபவை தொடரின் மெய்வரலாற்றிற் சேரா என்பது அவ்வுலகின் மரபு. எனினும் 2025இல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' என்னும் தொடரின் ஒரு கதையில், டிரெலேனின் சாயல் முழுவதும் பொருந்திய ஒரு விளையாட்டுப்பிள்ளையைக் கடிந்துகொள்ளும் ஒளியுருவத் தந்தைக்கு டி லான்சியே குரல் கொடுத்தார். பல்லாண்டு ஊகம் இவ்வாறு திரையேறிற்று.

இம்முயற்சி நம்மவர்க்கு விளங்காத ஒன்றன்று. ஒரு நூலின் ஈரிடங்கள் தம்முள் முரணுமாயின் உரையாசிரியர் அமைதி கூறுவர். மூலத்தின்மேல் மதிப்பில்லாதவன் முரணைக் காட்டி நகைத்துவிட்டு அகல்வான். மதிப்புடையவனே அமைதி தேடுவான். பல எழுத்தாளர் பல காலத்தில், முன்னவர் எழுதியதை நினைந்தும் நினையாதும் எழுதிய கதைகளை ஒரே உலகமாகக் கொண்டு, சான்று காட்டி வாதிடும் இவ்விரசிகரின் உழைப்பை வீண்பொழுது எனத் தள்ளுதல் நேரிதன்று.

ஆயினும் எல்லாத் தேவரையும் ஒரே குலமாக்கும் இக்கொடிவழியிற் பெரும் இழப்பு ஒன்றுண்டு. டிரெலேன், 'அறிவு முதிராத ஆற்றல் யாது செய்யும்?' என்னும் வினாவின் வடிவம். ஒர்கேனியர், 'தீங்கைத் தடுக்க வல்லவர் பிறர் உரிமையில் எவ்வளவு தலையிடலாம்?' என்னும் வினாவின் வடிவம். அப்பொல்லோ வேறொரு வினா. யாவரையும் உறவினராக்கிவிட்டால் குலவரலாறு எஞ்சும், வினாக்கள் மறையும். ஒருவன் யாருடைய மகன் என்பதை அறிந்த மாத்திரத்தில் அவன் செய்ததன் பொருளையும் அறிந்துவிட்டோம் என மயங்குகின்றோம்.

இதனினும் ஆழமுடையது மற்றோர் ஊகம். கியூ இனத்தவர் வேற்றுயிர்கள் அல்லர். எண்ணற்ற ஆண்டுகள் கழித்து வளர்ச்சியின் உச்சியை எய்திய மனிதரே அவர்கள் என்பது அது. இதற்குச் சான்று இல்லாமலில்லை. 1987இலேயே 'ஹைட் அண்ட் கியூ' என்னும் கதையில், மனிதர் ஒருகாலத்தில் தம் இனத்தையும் விஞ்சிவிடக்கூடும் என்ற எண்ணத்தைக் கியூ வெளியிட்டு, கலத்தின் துணைத்தலைவர் றைக்கருக்குத் தன் ஆற்றலை அளித்துப் பார்க்கின்றான். அண்டத்தில் எத்தனையோ இனங்கள் இருக்க, மனிதரை மட்டும் இவன் விடாது பின்தொடர்தல் எதனால் என்று கேட்பர் இவ்வூகத்தினர். ஊகம் மெய்யாயின் நீதிபதியும் குற்றவாளியும் ஒருவரே ஆவர். பேரன் தன் பாட்டனை விசாரித்த வழக்காக அது முடியும்.

ஆனால் 1996இல் வந்த 'டெத் விஷ்' என்னும் கதை இவ்வூகத்தின் ஒளியை மங்கச் செய்கின்றது. கியூ இனத்தவன் ஒருவன் சாகும் உரிமையைக் கேட்டு மனிதரிடம் அடைக்கலம் புகுகின்றான். அவர்தம் உலகம் பாலைநிலத்துச் சாலையோரக் கடையாகக் காட்டப்படுகின்றது. ஆங்குள்ளார் பேசுவதில்லை, பேச வேண்டியவை யாவும் பேசி முடிந்தன. அறிதற்கு ஏதும் எஞ்சாமையே அவனுக்கு நோய். அடைக்கலம் பெற்று மனிதனாகிய அவன் நஞ்சுண்டு இறக்கின்றான். மனித வளர்ச்சியின் முடிவு இதுவாயின் அவ்வளர்ச்சியை விரும்புவார் யார்? மனிதனின் முன்னேற்றத்தில் நம்பிக்கைகொண்ட தொடருக்கு இவ்வூகம் ஒவ்வாதென்பதே என் துணிபு. ஒவ்வாததாயினும் சிந்திக்கத் தூண்டுவதில் இது கொடிவழியினும் சிறந்தது.

றொடன்பெரி 1991இல் மறைந்தார். 1993இல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' என்னும் தொடரில் காற்று வேறு திசையில் வீசலாயிற்று. விண்வெளியின் ஒரு வாயிலுள் வாழும் சில உயிர்களைப் பேஜோர் உலகத்தார் தீர்க்கதரிசிகள் எனப் போற்றி வழிபடுகின்றனர். விண்படையினரோ அவற்றை வேற்றுயிர்கள் என்றே குறிப்பிடுகின்றனர். முன்பின் என்னும் காலமுறையை அறியாத அவற்றுக்கு, நிலையத்தலைவர் சிஸ்கோ பேஸ்போல் விளையாட்டை எடுத்துக்காட்டிக் காலத்தை விளக்க நேர்கின்றது! இரு பெயரும் ஒரே பொருளையே சுட்டுகின்றன. எப்பெயர் சரியென அத்தொடர் தீர்ப்பளிக்கவில்லை. இவ்வுயிர்களையும் கியூ இனத்தோடு சேர்க்க முயல்வோர் இந்நடுநிலையைக் கெடுத்துவிடுகின்றனர். தம் வழிபடுவோரைக் காக்கும் இவற்றிற்கும் வழிபாட்டையே நகையாடும் கியூவிற்கும் பொதுவாக உள்ளது ஆற்றல் ஒன்றே.

அவ்வாற்றல் போதாது என்பதை 1993ஆம் ஆண்டின் 'டப்பெஸ்ட்ரி' என்னும் கதை தெளிவாக்குகின்றது. இறந்துபட்டதாகத் தோன்றும் கலத்தலைவர் பிக்காட் முன் கியூ வெண்ணிற ஆடையுடன் நின்று தானே கடவுள் என்கின்றான். பிக்காட் அவன் வல்லமையை ஐயுறவில்லை. இத்தகையவன் கையில் ஒப்படைக்கப்படும் அளவுக்கு அண்டத்தின் அமைப்பு கேடுற்றதன்று என்பதே அவர் மறுப்பு. இது பண்பின்மேல் எழுந்த மறுப்பு.

2025ஆம் ஆண்டுக் கதை கொடிவழிக்காரருக்கு வெற்றியளித்ததாயினும் ஒரு முடிச்சை அவிழ்க்கவில்லை. 1967இல் டிரெலேனின் ஆற்றலுக்குத் துணையாய் நின்றது சுவர்க்கண்ணாடியின் பின்னே மறைந்திருந்த ஒரு பொறி. கேர்க் அதனைச் சுட்டு உடைத்தவுடன் அவன் வலி குன்றிற்று. கியூவுக்கோ பொறி வேண்டா. விரலைச் சொடுக்கினாற் போதும். கியூவின் மகனுக்குப் பொறி எதற்கு? நடை பழகும் பிள்ளைக்கு நடைவண்டி கொடுத்தாற்போலப் பெற்றோர் கொடுத்தது என்று அமைதி கூறலாம். அப்படியாயின், அதனை உடைத்த மனிதன்மீது அப்பெற்றோர் சினங்கொள்ளாது, தம் மகன் செய்த தொல்லைக்கு அவனிடம் வருத்தந் தெரிவித்துச் சென்றதையும் உடன் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.