நல்லா இருக்கிற நாள்லதான் கவனமா இருக்கணும்

எனக்கு க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம் இருக்கு. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உடம்பு லேசா இருந்துச்சு. ரேஸ்கோர்ஸ்ல ஒரு சுத்து நடந்தேன், வந்து துணியும் துவைச்சேன். அன்னைக்கு ஒண்ணும் ஆகல. செவ்வாய்க்கிழமை காலைல பல் தேய்க்கக் கையைத் தூக்க முடியல.

இந்த நோயோட முக்கிய அடையாளமே இதுதான். செய்த வேலைக்கான அடி பெரும்பாலும் 12லிருந்து 48 மணி நேரம் கழிச்சுத்தான் விழும். அதனால கிராஷ் ஆன நாளோட லாக்ல பக் தேடாதீங்க; முந்தாநாள் லாக்கைப் பாருங்க.

"தினம் கொஞ்சம் கூட நடந்தா சரியாயிரும் கண்ணு"ன்னு அம்மா சொல்வாங்க. பல டாக்டர்களும் ரொம்ப வருஷம் அப்படித்தான் சொன்னாங்க. ஆனா உடற்பயிற்சியைப் படிப்படியா கூட்டுற சிகிச்சை இந்த நோய்க்கு வேண்டாம்னு 2021-ல பிரிட்டனோட நைஸ் அமைப்பு வழிகாட்டுதலை மாத்திருச்சு.

இப்ப நான் களைப்பு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடறேன். வெங்காயம் உரிக்கிறதுகூட உக்காந்துதான். நீளமான மீட்டிங் இருக்கிற நாள்ல தலைக்குக் குளிக்கிறதில்லை. நல்லா இருக்கிற நாள்லயும் அதே அளவு வேலைதான். இதுக்குப் பேர் பேஸிங். இது நோயைக் குணமாக்காது, ஆனா படுத்துக் கிடக்கிற நாளைக் குறைக்குது.

உங்களுக்கும் களைப்பு வாரக்கணக்குல விடலைன்னா, ரத்தசோகையா தைராய்டான்னு முதல்ல டாக்டர்கிட்ட பாத்துக்கோங்க.