உங்களுக்குத் தெரியுமா? ‘கருப்பு’ என்றொரு குடும்பப்பெயர்

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்த பளிங்கு நினைவுச் சிற்பம் ஒன்று உண்டு. அது ஸ்வார்ட்ஸ் ஐயருக்காக வைத்தது. ஜெர்மானியப் பாதிரியார்களையும் அந்நாளில் நம்மவர்கள் ‘ஐயர்’ என்றுதான் அழைத்தார்கள். 1726-இல் பிரஷ்யாவில் பிறந்தவர். ஹாலே நகரில் இருக்கும்போதே தமிழ் படிக்கத் தொடங்கி, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். சரபோஜி மன்னரைச் சிறு வயதில் அரவணைத்துப் படிக்க வைத்தவர் இவர்தான். 1798-இல் தஞ்சையிலேயே கண்மூடினார். ‘ஸ்வார்ட்ஸ்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா? கருப்பு! நம்மூர் வழக்கில் சொன்னால் கருப்பையா.

* * *

செம்பட்டை முடியும் பழுப்பு முடியும் நிறைந்த ஊரில் கன்னங்கரேலென்று முடி வைத்திருந்தவர் தனியாகத் தெரிவார். மாநிறக்காரரும் அப்படியே. அந்த அடையாளமே பட்டப்பெயராகி, பிள்ளை பேரன் என்று இறங்கிக் குடும்பப்பெயராக நிலைத்துவிட்டது. இன்றும் ஜெர்மனியில் மிகப் பரவலான பெயர்களில் ஒன்று இது. ஆனால் பெயரை வைத்து மதத்தைச் சொல்ல முடியாது. நம் ஸ்வார்ட்ஸ் ஐயர் லூத்தரன் கிறிஸ்தவர். அதே பெயரில் ஏராளமான யூதக் குடும்பங்களும் உண்டு.

* * *

யூதர்களுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? மத்திய ஐரோப்பிய யூதர்களில் மிகப் பலருக்கு 18-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை நிலையான குடும்பப்பெயரே கிடையாது. ஆபிரகாமின் மகன் இட்சாக் என்றால் ‘இட்சாக் பென் ஆபிரகாம்’, அவ்வளவுதான். ‘பென்’ என்றால் மகன். மயிலாப்பூரில் பிறந்திருந்தால் அவர் ‘ஆ. இட்சாக்’ என்று கையெழுத்துப் போட்டிருப்பார். நம் இனிஷியல் முறையேதான்! 1787-இல் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப், யூதர்கள் எல்லோரும் நிலையான குடும்பப்பெயர் வைத்தாக வேண்டும் என்று ஆணையிட்டார். வரி வசூலுக்கும் படைக்கு ஆள் எடுக்கவும் அரசுக்குப் பதிவேடு தேவைப்பட்டது. 1812-இல் பிரஷ்யாவும் இதையே செய்தது. ஸ்வார்ட்ஸ் (கருப்பு), வைஸ் (வெள்ளை), குரோஸ் (பெரிய), கிளைன் (சிறிய) போன்ற எளிய பெயர்கள் அப்போது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தன. தலைமுறை தலைமுறையாக அப்பன் பெயரைச் சுமந்தவர்களை ஒரு கையெழுத்தில் மாற்றியதை நினைத்தால் மனம் கனக்கிறது.

* * *

சென்னையின் யூத இடுகாடு இன்று இருப்பது லாயிட்ஸ் ரோட்டில், அதாவது அவ்வை சண்முகம் சாலையில். முன்பு தங்கசாலைப் பக்கம் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் வைர வியாபாரத்துக்கு இங்கு வந்த யூதர்கள் போர்ச்சுகீசிய வழியினர். ஜேக்ஸ் டி பைவா போன்ற அவர்களின் பெயர்களில் ஜெர்மன் வாடையே இராது.

* * *

இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியனின் பிறவிப் பெயர் டேவிட் குரூன். குரூன் என்றால் பச்சை. அதை விட்டுவிட்டு எபிரேயப் பெயர் சூடிக்கொண்டார். வேதாசலம் மறைமலையடிகள் ஆனாரே, அதே வேகம்.

* * *

தி. நகர் பாண்டி பஜாரில் புடவை வாங்காதவர் உண்டா? அந்தப் பாண்டி, டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் அவர் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடுதான், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அரசன் ஆணையிட்டு ஒட்டவைத்த பெயர்கள் அங்கே. மக்களே முன்வந்து உதறிய பெயர்கள் இங்கே. எனக்கு இதில் பெருமைதான்.

* * *

ஜெர்மனியில் மிகமிகப் பரவலான குடும்பப்பெயர் முல்லர்; மாவு அரைப்பவர் என்று பொருள். தெருவுக்குத் தெரு முல்லர் இருந்ததால்தான், தன் பெயரிலிருந்த மேக்ஸையும் குடும்பப்பெயரோடு சேர்த்துக்கொண்டார் சம்ஸ்கிருத அறிஞர் மேக்ஸ் முல்லர். இந்தியாவில் கால் வைக்காத அவர் பெயரில்தான் நுங்கம்பாக்கத்தில் மேக்ஸ் முல்லர் பவன் இயங்குகிறது.

* * *

ஜெர்மன் விசா விண்ணப்பத்தில் குடும்பப்பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. நம் பிள்ளைகள் இனிஷியலை விரித்து அப்பா பெயரை அதில் எழுதுகிறார்கள். அங்கே வீட்டு அழைப்பு மணியில் குடும்பப்பெயரை மட்டுமே எழுதி வைப்பது வழக்கம். பெர்லினில் ஏதோ ஒரு மாடி வீட்டு வாசலில், மகன் குடியிருக்கும் கதவருகே, மந்தைவெளியில் இருக்கும் அப்பாவின் பெயர்: ‘ராமசாமி’.