மூவொரு கடவுளும் பிற மதங்களும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

மூவொரு கடவுள் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட நைசீயா திருச்சங்கம் கூடி 1,700 ஆண்டுகள் நிறைவடைந்ததை ஒட்டி, 2025 நவம்பர் 28-இல் துருக்கியில் இன்று இஸ்னிக் எனப்படும் அதே நகரில் போப் 14-ஆம் லியோ பிற சபைத் தலைவர்களுடன் சேர்ந்து பிரார்த்தனை செய்தார். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 13-இல் சிங்கப்பூரில் இளைஞர்களைச் சந்தித்த போப் பிரான்சிஸ், எல்லா மதங்களும் கடவுளை நோக்கிச் செல்லும் பாதைகள் என்ற பொருளில் பேசியிருந்தார். மூவொரு கடவுள் என்ற தனித்த நம்பிக்கையும் இந்தப் பேச்சும் எப்படிப் பொருந்தும் என்ற குழப்பம் பலருக்கும் உள்ளது.

மூவொரு கடவுள் என்றால் மூன்று கடவுள்களா?

இல்லை. கடவுள் ஒருவரே, அவர் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆள்களாக இருக்கிறார் என்பதே கோட்பாடு. மூவரும் கடவுள், ஆனால் தந்தை மகன் அல்ல, மகன் ஆவி அல்ல. கணக்காகப் பார்த்தால் இது இடிக்கும். சபைகள் இதை எண்ணிக்கையாக அல்லாமல் உறவாக விளக்குகின்றன.

திரித்துவம், தமதிரித்துவம் என்பவை வேறு வேறா?

எல்லாம் ஒன்றே. சீர்திருத்த சபையினர் 'திரித்துவம்' என்கின்றனர். பழைய கத்தோலிக்க வழக்கு 'தமதிரித்துவம்', இன்றைய வழக்கு 'மூவொரு இறைவன்'. கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையினர் சிலுவை அடையாளம் வரையும்போது கட்டைவிரலையும் அடுத்த இரு விரல்களையும் நுனி சேர்த்துப் பிடிப்பது இந்த மூவரைக் குறிக்கத்தான்.

இது மும்மூர்த்தி போன்றதுதானே?

எண் மூன்றோடு ஒப்புமை நின்றுவிடுகிறது. மும்மூர்த்தி கருத்தில் படைத்தல், காத்தல், அழித்தல் மூவருக்கும் தனித்தனியே சொல்லப்படுகின்றன. கிறிஸ்தவக் கோட்பாட்டில் அத்தகைய தொழிற்பிரிவினை கிடையாது. ஒரே கடவுள் மூன்று வேடங்களில் வருகிறார் என்ற கருத்தையும் சபை 3-ஆம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டது. ஞாயிறு பள்ளிகளில் சொல்லப்படும் 'நீர், பனிக்கட்டி, நீராவி' உவமை, தள்ளப்பட்ட அந்தக் கருத்துக்குள்தான் போய் விழுகிறது.

இந்தச் சொல் பைபிளில் உள்ளதா? யார், எப்போது முடிவு செய்தார்கள்?

சொல் இல்லை, மூவரின் பெயரும் ஒருசேர வரும் இடங்கள் உண்டு, மத்தேயு 28:19 அவற்றில் ஒன்று. மகன் படைக்கப்பட்டவரே என்று அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ் போதித்ததால் எழுந்த பிளவைத் தீர்க்க, பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 325-இல் நைசீயாவில் ஆயர்களைக் கூட்டினார். மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என அங்கே முடிவானது; ஏற்க மறுத்த ஆரியுஸும் இரு ஆயர்களும் நாடு கடத்தப்பட்டனர். தூய ஆவியார் பற்றிய விரிவான அறிக்கை 381-இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கத்தில்தான் வந்தது.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இதை ஏற்கிறார்களா?

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளும் பெரும்பாலான சீர்திருத்த சபைகளும் ஏற்கின்றன. உலக சபைகள் மன்றம் தன் உறுப்பு சபைகளுக்கான அடிப்படை வாசகத்தில் மூவரின் பெயரையும் சேர்த்தது 1961-இல் புதுதில்லியில் நடந்த பேரவையில்தான். யெகோவாவின் சாட்சிகள், யூனிடேரியன் சபையினர் ஏற்பதில்லை. சென்னையிலேயே 1795-இல் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் யூனிடேரியன் சபை ஒன்றைத் தொடங்கினார்.

இதனால் நடைமுறையில் என்ன வேறுபாடு?

ஞானஸ்நானத்தில் தெரியும். தண்ணீரும் மூவரின் பெயரும் முறையாகப் பயன்பட்டிருந்தால், வேறு சபையில் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லும் எனக் கொள்கிறது, மறுபடி தருவதில்லை. மார்மன் சபையினர் அதே பெயர்களைச் சொன்னாலும் மூவரைப் பற்றிய அவர்களின் புரிதல் வேறு என்பதால், அவர்கள் தரும் ஞானஸ்நானம் செல்லாது என 2001-இல் வத்திக்கான் அறிவித்தது.

பிற மதத்தவருக்கு மீட்பு இல்லை என்பதா கத்தோலிக்க நிலைப்பாடு?

அல்ல, ஆனால் நிபந்தனைகள் உண்டு. தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர், கடவுளை நேர்மையாகத் தேடி மனச்சான்றின்படி வாழ்ந்தால் மீட்புப் பெற முடியும் என 1964 நவம்பர் 21-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அந்த வாய்ப்பைத் தூய ஆவியார் எல்லோருக்கும் அளிக்கிறார் என்று 1965 டிசம்பர் 7-இல் வெளியான அதே சங்கத்தின் மற்றோர் ஏடு கூறுகிறது. மூவொரு கோட்பாடும் பிற மதங்கள் பற்றிய கேள்வியும் சந்திக்கும் இடம் இதுவே.

அப்படியானால் எல்லா மதங்களும் சமம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்களா?

இல்லை. பிற மதங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை தள்ளுவதில்லை என்று கூறும் அச்சங்கத்தின் இன்னோர் ஏடு 1965 அக்டோபர் 28-இல் வெளியானது. சங்கத்தில் நடந்த இறுதி வாக்கெடுப்பில் ஆதரவு 2,221, எதிர்ப்பு 88. எந்த மதமானாலும் ஒன்றே என்ற கருத்தை 2000 செப்டம்பர் 5-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை மறுத்தது. சிங்கப்பூரில் பிரான்சிஸ் பேசியது தயாரித்த உரையை ஒதுக்கிவைத்து இளைஞர்களிடம் பேசிய பேச்சு. அத்தகைய பேச்சால் கோட்பாடு மாறாது.

மூவொரு கோட்பாட்டை வைத்தே மதப் பன்மையை ஏற்க முடியுமா?

முடியும் என்போர் உள்ளனர். மலையாளி இந்துத் தந்தைக்கும் கத்தலான் கத்தோலிக்கத் தாய்க்கும் பிறந்த ரைமன் பணிக்கர், வெவ்வேறு ஆன்மிக நெறிகள் சந்திக்கக்கூடிய இடமாகவே இக்கோட்பாட்டைப் பார்த்தார். பிரிட்டனின் ஜான் ஹிக் எதிர்த் திசையில் போனார்: மதங்களைச் சமமாக வைக்க வேண்டுமானால், இயேசு கடவுள் என்பதை உருவகமாகக் கொள்ள வேண்டும் என்றார். ஹிக்கின் வழியில் மூவொரு கோட்பாடு அதன் பழைய பொருளில் நிற்காது.

இப்படி எழுதியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதா?

பலரும் அறிந்தது ஜாக் டுப்யூயி விவகாரம். பெல்ஜியத்தில் பிறந்து 1948 முதல் 1984 வரை இந்தியாவில் வாழ்ந்த இந்த இயேசு சபைக் குரு, கடவுளின் வார்த்தையும் ஆவியும் பிற மதங்களிலும் செயல்படுவதாக 1997-இல் நூல் எழுதினார். விசாரணைக்குப் பின் 2001-இல் வத்திக்கான் விளக்கக் குறிப்பு வெளியிட்டது: பிற மதங்களில் உள்ள நல்ல கூறுகள் வழியாக ஆவியார் செயல்படலாம், ஆனால் அம்மதங்களையே மீட்பின் வழிகள் என்பதற்கு ஆதாரமில்லை. டுப்யூயி அதில் கையெழுத்திட்டார். நூல் தடை செய்யப்படவில்லை.

மூவொரு கோட்பாட்டைப் பிற மத மரபோடு இணைக்கும் முயற்சி தமிழ்நாட்டில் நடந்துள்ளதா?

கரூர் மாவட்டம் குளித்தலை அருகே, காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனம் அதற்குச் சான்று. பிரெஞ்சுக் குருக்கள் ஜூல் மோன்சானினும் பின்னாளில் அபிஷிக்தானந்தர் எனப்பட்ட ஹென்றி லெ சோவும் 1950-இல் அதைத் தொடங்கினர். இந்து மரபில் வரும் சத், சித், ஆனந்தம் ஆகியவற்றைத் தந்தை, மகன், தூய ஆவி எனக் கொண்டு 'சச்சிதானந்த ஆசிரமம்' என்று பெயரிட்டனர்.

மூவொரு இறைவன் பெருவிழா எப்போது? பிற மதத்தவர் பங்கேற்கலாமா?

ஈஸ்டருக்குப் பின் எட்டாவது ஞாயிறு. 2026-இல் மே 31. கத்தோலிக்கத் திருப்பலியில் யாரும் அமர்ந்து கலந்துகொள்ளலாம். நற்கருணை மட்டும் கத்தோலிக்கருக்கே வழங்கப்படும். விதிவிலக்கான சூழல்களில் தவிர, பிற சபைக் கிறிஸ்தவர்களுக்கும் அது வழங்கப்படுவதில்லை.