வசிஷ்டரின் சொந்தக்காரர்கள்

மே மாதம் இரவு பத்து மணிவாக்கில் கூலாய்ச் செம்பனைத் தோட்டப் பக்கம் நின்று வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலம் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். ஜொகூர் பாருவும் சிங்கப்பூரும் விளக்கொளியால் வெளுக்கவைப்பது தெற்கு வானத்தைத்தான், வடக்கு ஓரளவு தப்பித்தது. வாலின் நடுவில் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக, கல்யாணத்தில் மணமக்களுக்குக் காட்டுகிற அருந்ததி.

ஏழு ரிஷிகளில் ஐவர்தான் ஒரே குடும்பம். 1869-இல் ரிச்சர்ட் பிராக்டர் என்ற ஆங்கிலேய வானியலாளர் விண்மீன்களின் நகர்வைப் படத்தில் குறித்துப் பார்த்தார். புலஹர், புலஸ்தியர், அத்ரி, அங்கிரஸ், வசிஷ்டர் ஐவரும் ஒரே திசையில் சேர்ந்து போனார்கள். இரண்டு முனைகளிலும் உள்ள கிரதுவும் மரீசியும் வேறு வழி. ஐவரும் சுமார் 80 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறார்கள். வயது ஏறத்தாழ 40 கோடி ஆண்டு. அருந்ததியும் இதே கூட்டம். பொருத்தம் பார்த்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான், கோத்திரம் பார்க்க மறந்தாலும்!

இன்று நகர்வை அளப்பது சிரமமில்லை. 2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலம் ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களைப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் உறவினர்களா? ஹெர்குலிஸ் ஓடை என்றொரு கூட்டம் உண்டு. சேர்ந்து நகர்கிறது, ஆனால் அதிலுள்ள விண்மீன்களுக்குப் பல வயது, பல வேதியியல். பால்வீதியின் மையத்தில் சுழலும் நீள்பட்டை தன் ஈர்ப்பால் இழுத்துச் சேர்த்த கூட்டம் அது என்பதே பலரின் கணிப்பு.

அதனால்தான் வேதியியல். ஒரே வாயுமேகத்தில் பிறந்தவற்றில் இரும்பு, பேரியம் போன்ற தனிமங்கள் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் இருக்கும். ஒளியைப் பிரித்தால் நிறமாலையில் விழும் கருங்கோடுகளின் ஆழம் அந்த அளவைச் சொல்லிவிடும். இதிலும் ஒரு சிக்கல்: அங்கிரஸைச் சோதித்துப் பயனில்லை. காந்தப்புலம் உள்ள விண்மீன் அது. சில தனிமங்கள் மேற்பரப்பில் அளவுக்கு மீறித் திரண்டிருக்கின்றன. பிறந்தபோது இருந்த கலவை வெளியே தெரியாது. ஆகவே கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ரிஷிகளை விட்டுவிட்டு, சூரியனைப் போன்ற மங்கலான பங்காளிகளைத் தேடிப் போகிறார்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு அப்படி 44 விண்மீன்களைச் சோதித்தது. 29 மட்டுமே கலவையில் ஒத்துப்போயின.

இரவு வானிலேயே பிரகாசமான விண்மீனான சிரியஸையும் ஒரு காலத்தில் இந்தக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். நகர்வு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. வயதோ 25 கோடி ஆண்டைத் தாண்டவில்லை. ரிஷிகள் பிறந்து வெகுகாலம் கழித்துப் பிறந்தது அது.