புதிய பீச் இனம் பிறப்பது எப்படி?

சீனர்களின் பிறந்தநாள் விருந்துகளில் நீண்ட வாழ்வின் அடையாளமாகப் பீச் பழ வடிவில் செய்த மாவுப் பணியாரம் வைக்கப்படுவதை மலேசிய, சிங்கப்பூர் மக்களுள் பலர் கண்டிருப்பர். அப்பழம் இங்குள்ள கடைகளிலும் கிடைக்கின்றது. ஆயினும் அதைத் தரும் மரத்தை இந்நாட்டுத் தோட்டங்களில் காண்பது அரிது. இங்கே மழைக்குக் குறைவில்லை, வெயிலுக்கும் குறைவில்லை, மண்ணும் வளமானதே. இல்லாத பொருள் ஒன்றே ஒன்று. அதுதான் குளிர்.

அந்த ஒரு குறை காரணமாக எட்டாக் கனியாக இருந்த பீச் பழத்தை, வெப்பம் மிகுந்த நிலங்களிலும் விளையச் செய்தனர் அறிவியலார். அவர்கள் நிலத்தை மாற்றவில்லை, மரத்தை மாற்றினர். அது எவ்வாறு இயன்றது என்பது அறியத்தக்கது.

பெயரும் பிறப்பும்

தமிழில் ‘குழிப்பேரி’ என்றும் வழங்கப்படும் இம்மரத்தின் அறிவியற் பெயரில் ‘பெர்சிகா’ என்னும் சொல் உள்ளது. ‘பாரசீகத்துக்குரியது’ என்பது அதன் பொருள். உரோமானியர் பாரசீகத்தின் வழியாக இப்பழத்தைப் பெற்றதால் அந்நாடே அதன் தாயகம் என ஐரோப்பியர் எண்ணிவிட்டனர். உண்மையில் அதன் தாயகம் சீனம். அந்நாட்டின் செஜியாங் மாநிலத்தில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பீச் கொட்டைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பெயர் ஒரு நாட்டைச் சுட்ட, பிறப்பு வேறொரு நாட்டினதாக இருப்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

குளிரை எண்ணும் மரம்

இலையுதிர் காலத்தில் பீச் மரம் இலைகளை உதிர்த்து உறங்கத் தொடங்கும். அதன் மொட்டுகள் செதிள்களுக்குள் ஒடுங்கியிருக்கும். குளிர்காலத்தின் நடுவே சில நாள் வெயில் காய்ந்தாலும் அவை ஏமாந்து விரிவதில்லை. குறிப்பிட்ட அளவு குளிரைப் பெற்ற பின்னரே அவற்றின் ஆழ்ந்த உறக்கம் கலையும். அதன் பின் வரும் வெப்பமே பூக்களை மலரச் செய்யும். பனிப்பொழிவிலிருந்து மென்மையான பூக்களைக் காக்க இயற்கை செய்த ஏற்பாடு இது.

இக்குளிரை மணிக்கணக்கில் அளப்பர். வெப்பநிலை செல்சியசு அளவையில் சுமார் 7 பாகைக்குக் கீழ் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு குளிர்மணி எனக் கொள்ளப்படும். புகழ்பெற்ற ‘எல்பர்ட்டா’ இனத்துக்கு ஏறத்தாழ 800 குளிர்மணிகள் வேண்டும். கேமரன் மலையின் இரவுகள்கூட வழக்கமாக 7 பாகைக்குக் கீழ் இறங்குவதில்லை. ஆதலால் அத்தகைய மரத்தை இங்கு நட்டால் அது உறக்கம் கலையாமல் தடுமாறும். சில கிளைகள் தளிர்க்கும். சில வெறுங்கிளையாகவே நிற்கும். பூக்கள் ஒழுங்கின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றும். அவ்வாறு வரும் பூக்களிலிருந்து வாணிகத்துக்குரிய விளைச்சலை எதிர்பார்க்க முடியாது.

வாணிகத்துக்கு வேண்டிய கனி

வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்தின் கனி இனித்தால் போதும். விலைக்கு விளைவிக்கும் மரத்தின் கனி பல தேர்வுகளில் வெல்ல வேண்டும். அது பெரிதாக இருக்க வேண்டும். கண்ணைக் கவரும் செந்நிறம் பெற்றிருக்க வேண்டும். வண்டியில் நெடுந்தொலைவு சென்றாலும் நசுங்காதிருக்க வேண்டும். பிறர் சரக்கு சந்தையில் குவியாத காலத்தில் பழுக்கவும் வேண்டும்.

எல்பர்ட்டா புகழ்பெற்றதும் இவ்வகையிலேயே ஆகும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மார்சல்வில் என்னும் ஊரைச் சேர்ந்த சாமுவேல் ரம்ப் என்பவர் 1870-களில் அதை உருவாக்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். அதன் தாய்மரம் சீனத்திலிருந்து வந்த ஓர் இனம். எல்பர்ட்டாவின் கனி பெரியது, பயணத்தைத் தாங்கக்கூடியது. பனிக்கட்டியிட்ட புகைவண்டிப் பெட்டிகளில் அது வடபகுதி நகரங்களுக்குச் சென்றது. ஜார்ஜியா ‘பீச் மாநிலம்’ எனப் பெயர் பெற்றதற்கு இவ்வினம் பெரிதும் காரணமாயிற்று.

புளோரிடாவில் நிகழ்ந்த முயற்சி

ஜார்ஜியாவுக்குத் தெற்கே உள்ளது புளோரிடா. அங்கே குளிர்காலம் குறுகியது. மாநிலத்தின் வடபகுதியில் சில நூறு குளிர்மணிகள் கிடைக்கும்; தெற்கே செல்லச் செல்ல அதுவும் குறையும். எல்பர்ட்டா போன்ற இனங்கள் அங்கு பயன் தரவில்லை. 1950-களின் தொடக்கத்தில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ப் சார்ப் என்னும் அறிஞர் இக்குறையைத் தீர்க்க முற்பட்டார்.

குறைந்த குளிரில் பூக்கும் பீச் மரங்கள் உலகில் இல்லாமலில்லை. தென்சீனத்தின் வெப்பப் பகுதிகளில் வழிவழியாக வளர்ந்தவையும் அவற்றின் வழித்தோன்றல்களும் அத்தகையவை. ‘ஒகினாவா’ என்னும் வகை அவற்றுள் ஒன்று. வேரைத் தாக்கும் நூற்புழுக்களை எதிர்க்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆனால் அதன் கனி சிறியது, சந்தைக்கு ஏற்றதன்று. குளிர் நாட்டு மரத்திலோ கனி சிறந்தது. ஆனால் மரம் வெப்பத்தைத் தாங்காது. ஒன்றன் இயல்பையும் மற்றொன்றன் கனியையும் ஒரே மரத்தில் சேர்ப்பதே சார்ப் மேற்கொண்ட பணியாகும்.

பூவோடு பூவைச் சேர்த்தல்

பீச் மரத்தின் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுற வல்லது. ஆதலால் கலப்பினம் காண விழைவோர் பூ விரிவதற்கு ஒரு நாள் முன்பே முந்திக்கொள்ள வேண்டும். இதழ்களும் மகரந்தத் தாள்களும் பூவின் அடிக்கிண்ணத்தின் விளிம்பிலிருந்து எழுகின்றன. அக்கிண்ணத்தை நகத்தாலோ சிறு இடுக்கியாலோ கிள்ளி எடுத்தால் அவை அனைத்தும் ஒருங்கே நீங்க, நடுவிலுள்ள சூலகம் மட்டும் எஞ்சும். முன்னரே உலர்த்தி வைத்த வேற்று மரத்தின் மகரந்தத்தை அதன் முனையில் தடவுவர். இதழில்லாத பூவைத் தேனீக்கள் பெரும்பாலும் நாடுவதில்லை.

காய் முற்றிய பின் கொட்டையை உடைத்து விதையை எடுத்து, ஈரப்பதத்துடன் குளிர்ந்த இடத்தில் சில வாரங்கள் வைப்பர். மரத்தைப் போலவே விதையும் குளிரை எதிர்பார்க்கிறது. விரைவில் பழுக்கும் இனங்களில் இன்னொரு தடையும் உண்டு. கனி பழுத்துவிடும்; ஆனால் உள்ளிருக்கும் கரு முதிர்ந்திராது. மண்ணில் இட்டால் முளைக்காது. அத்தகைய கருவைத் தூய்மையான முறையில் பிரித்தெடுத்து, சர்க்கரையும் உப்புச்சத்துகளும் கலந்த ஊட்டப்பொருளில் கண்ணாடிக் குழாய்க்குள் வளர்ப்பர். குறை மாதத்தில் பிறந்த குழவியைத் தனி அறையில் வைத்துக் காப்பது போன்றதே இதுவும்.

பல நூறில் ஒன்று

ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்த கன்றுகளாயினும் அவை ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. சில பண்புகள் ஒரே மரபணுவால் அமைகின்றன. தோலில் மயிர் இருப்பதும் இல்லாதிருப்பதும் அவ்வாறானவை. ‘நெக்டரின்’ எனப்படும் வழவழப்பான கனி வேறொரு பழமன்று. மயிரற்ற பீச் பழமே. பீச் மரங்களிலிருந்து நெக்டரின் தோன்றியதைச் சார்லசு டார்வின் 1868-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். ஆனால் கனியின் அளவு, குளிர்த் தேவை போன்ற பண்புகளைப் பல மரபணுக்கள் சேர்ந்து அமைக்கின்றன. மிகுந்த குளிர் வேண்டும் மரத்தையும் குறைந்த குளிர் போதும் மரத்தையும் கலந்தால் பிறக்கும் கன்றுகள் பெரும்பாலும் இடைநிலையில் நிற்கும். அவற்றுள் தக்கவற்றைத் தேர்ந்து மீண்டும் கலக்க வேண்டும். பின்னரும் கலக்க வேண்டும்.

கன்றுகளை நெருக்கமாக நட்டு வளர்த்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் முதற்கனி காணலாம். ஆராய்ச்சியாளர் வரிசை வரிசையாக நடந்து, கனியைப் பார்த்தும் சுவைத்தும் மதிப்பிடுவர். சில நூறு கன்றுகளில் ஒன்றிரண்டே நிலைக்கும். ஏனையவை பிடுங்கி எறியப்படும். நிலைத்த மரத்தை விதையால் பெருக்க இயலாது. விதை மீண்டும் பண்புகளைக் கலைத்துவிடும். ஆகவே அதன் மொட்டை எடுத்து வேறொரு வேர்க்கன்றில் ஒட்டுக் கட்டுவர். அவ்வாறு பெருக்கிய மரங்களைப் பல ஊர்களில் பல ஆண்டுகள் சோதித்த பின்னரே உழவரிடம் தருவர். முதற்கலப்பிலிருந்து அந்நாள் வரை 10 முதல் 15 ஆண்டுகள் கழிவது இயல்பு.

சார்ப்புக்குப் பின் வேன் செர்மன் என்பவர் இப்பணியைத் தொடர்ந்தார். 1982-இல் ‘புளோர்டாபிரின்சு’ என்னும் இனம் வெளிவந்தது. அதற்கு ஏறத்தாழ 150 குளிர்மணிகளே போதும். பூத்து 80 நாள் அளவில் கனி பழுத்துவிடும். குளிர் நாட்டுப் பழங்கள் சந்தைக்கு வருமுன் வந்துவிடுவதால் அதற்கு நல்ல விலை கிடைத்தது. எகிப்தில் அது பெருமளவில் பயிராயிற்று. இந்தியாவின் பஞ்சாப் சமவெளியிலும் அது இடம் பெற்றது.

கிளையும் கனியும் மட்டும் போதா. வேரும் நிலத்துக்கு ஒத்திருக்க வேண்டும். புளோரிடாவின் மணல் நிலத்தில் வாழும் நூற்புழு, பிற இடங்களில் பயன்பட்ட வேர்க்கன்றுகளைத் தாக்கியது. அதைத் தாங்கும் ‘புளோர்டாகார்டு’ என்னும் வேர்க்கன்று 1991-இல் வெளியிடப்பட்டது. ஆகவே தோட்டத்தில் நிற்கும் ஒரு மரம் உண்மையில் இரு மரங்களின் கூட்டு. இரண்டுக்கும் தனித்தனியே நெடுங்கால ஆராய்ச்சி வேண்டியிருந்தது.

எங்கும் சிறந்த இனம் உண்டா?

குறைந்த குளிர் போதும் என்றால் அத்தகைய மரத்தையே எங்கும் நடலாமே என்று தோன்றக்கூடும். அது பிழை. குளிர் மிகுந்த நாட்டில் அம்மரம் தன் தேவையை விரைவில் நிறைவு செய்துகொள்ளும். குளிர்காலத்தின் நடுவே நாலு நாள் வெயில் அடித்ததும் பூத்துவிடும். பின்வரும் உறைபனி பூக்களைக் கருக்கிவிடும். தேவை மிகுதியானால் மரம் விழிக்காது; தேவை குறைவானால் காலத்துக்கு முன் விழித்து அழியும்.

அண்மை ஆண்டுகளில் ஜார்ஜியாவின் உழவர் இவ்விரு தீங்குகளையும் கண்டனர். 2017-இல் குளிர்காலம் வெப்பமாக இருந்ததால் மரங்கள் போதிய குளிர் பெறவில்லை. எஞ்சிய பூக்களை மார்ச்சுத் திங்களின் உறைபனி தாக்கியது. விளைச்சலில் ஏறத்தாழ 80 விழுக்காடு போயிற்று. 2023-இல் இழப்பு 90 விழுக்காட்டுக்கும் மேல். ஒரு தலைமுறைக்கு முன் அந்நிலத்துக்குப் பொருந்திய மரம் இன்று பொருந்தாமற் போகின்றது. மரம் மாறவில்லை, பருவம் மாறிவிட்டது. புதிய இனம் காண 10 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும் என்பதால், இன்று கலப்புச் செய்வோர் இன்றைய குளிர்காலத்தை அன்று, வரப்போகும் குளிர்காலத்தை எண்ணியே செயல்பட வேண்டியுள்ளது.

இதற்கு மரபணு ஆராய்ச்சி துணை செய்கின்றது. மெக்சிக்கோவில் கண்டறியப்பட்ட ஒரு பீச் வகை குளிர்காலத்திலும் உறங்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது. அதை ஆராய்ந்ததில், உறக்கத்தை ஆளும் மரபணுக்களின் தொகுதி ஒன்றில் ஒரு பகுதி அதனிடம் இல்லை என்பது தெரிந்தது. 2013-இல் பீச் மரத்தின் மரபணுத் தொகுப்பு முழுவதும் வெளியிடப்பட்டது. கன்றின் ஓர் இலைத்துண்டைக் கொண்டே சில பண்புகளை முன்கூட்டி அறிந்து, வேண்டாதவற்றைக் கழிக்க இப்போது வழியுண்டு. எனினும் கனி பழுக்கும் வரை காத்திருந்து, அதைச் சுவைத்து முடிவு செய்யும் வேலை நீங்கிவிடவில்லை.

தமிழரின் அகப்பொருள் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, மரமும் பூவும் புள்ளும் முதலானவற்றை அவற்றின்வழி வரும் கருப்பொருளாகக் கொண்டது. பீச் மரத்தின் வரலாறும் அவ்வகையிலேயே அமைகின்றது. இனிமையும் நிறமும் பின்னர். நிலமும் பொழுதும் முன்னர். அவை இரண்டும் மாறுமிடத்து, அவற்றுக்கேற்ற மரத்தைப் பல்லாண்டு உழைப்பால் உருவாக்குவோர் இருக்கும் வரையில்தான் உழவரின் தோட்டம் பூத்துக் காய்க்கும்.